ஜனகராஜ் அண்ணனும் ஊதாத் தண்ணீரும்

ஜனகராஜ் அண்ணனுடைய கையைப் பார்த்தாலே அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் ஒரு நாள் கிளிப்பச்சை, ஒரு நாள் அரக்கு, கல்யாண சீசன் வந்துவிட்டால் மாதக் கணக்கில் குங்குமச் சிவப்பு. அந்தக் கையோடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி நிற்பார்கள். அதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "கூட்டத்துல நமக்கு மட்டும் காத்து வருது பாரு தம்பி" என்பார்.

திருப்பரங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் கைத்தறிக் காலனியில் அவருக்குச் சொந்தமாக ஒரு வீடும், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சாயப்பட்டறையும் இருந்தன. பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அடுப்பு, அண்டா, சிமெண்டுத் தொட்டி, கொடிக்கயிறு, அவ்வளவுதான். சௌராஷ்டிரக் குடும்பம். தங்களுக்குள் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். வெளியாட்களிடம் பேசினால் சுத்தமான மதுரைத் தமிழ். நான் அந்த வீட்டு மாடியில் குடியிருந்தேன். பெயர் காசிமாயன், வக்கீல் குமாஸ்தா, சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம். கோர்ட்டு, ஆபீஸ், மனு, ரப்பர் ஸ்டாம்பு என்று அடுத்தவர் எரிச்சலை நாள்பூராவும் சுமந்து திரிகிற பிழைப்பு. ஆனாலும் அண்ணன் விஷயத்தில் எனக்கு வந்த எரிச்சல் வேறு எந்த விஷயத்திலும் வந்ததில்லை. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை.

அண்ணனுக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதம் உண்டு. கூட்டம், மறியல், ஊர்வலம் எது நடந்தாலும் அந்தத் தெருப்பக்கம் போக மாட்டார். "கத்துறதுக்குக் கூலி தர்றாய்ங்களா?" என்று கேட்பார். இன்னொன்று, எந்தச் சாயமானாலும் தன்னால் எடுத்துவிட முடியும் என்று அடித்துச் சொல்வார். நூலில் நிறம் தப்பிப்போனால் அதைப் பழையபடி வெளுக்க வைக்கச் சாயக்காரர்கள் ஒரு வெள்ளைப் பொடி வைத்திருப்பார்கள். ஹைட்ரோஸ் என்று பெயர். சூடான தண்ணீரில் அதைக் கரைத்து நூலை முக்கினால் நிறம் இருந்த இடம் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் தன் கையையும் அண்ணன் அந்தத் தண்ணீரில்தான் கழுவுவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அப்படித்தான். தோல் சொரசொரப்பாகிப் போனதே தவிர வேறு ஒன்றும் ஆனதில்லை. அவர் சம்சாரம் அலர்மேல்மங்கை அக்கா, "சோப்புப் போட்டுக் கழுவினா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டால், "சோப்புக்கு என்ன தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரே மகள் வித்யாஸ்ரீ. கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியில் அப்போதுதான் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். டீச்சர்கள் எல்லோரும் சந்தன நிறத்தில் சேலை கட்ட வேண்டும் என்று அந்தப் பள்ளியில் ஏற்பாடு. மகள் கட்டுகிற சேலைக்குக் கடைச் சாயமா என்று அண்ணனே பட்டறையில் சாயம் போட்டுக் கொடுத்தார். அவர் போட்ட சந்தன நிறத்தைப் பார்த்துவிட்டு மற்ற டீச்சர்களும் கேட்டார்கள் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாயிரத்து மூன்று. மழை பொய்த்துப் போன வருஷம். எங்கள் பேரையூர்ப் பக்கம் கண்மாயில் மாடு மேய்ந்தது. வறட்சி நிவாரணம் கேட்டு விவசாயிகள் நகரத்துக்கு வந்து மறியல் செய்யப் போகிறார்கள் என்று பேச்சு. என் சித்தப்பா முத்துக்கருப்பனும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின வாரம் எங்கேயோ ஒரு பஸ் கண்ணாடி உடைந்ததாம். உடனே வெளி மாநிலத்திலிருந்து துணை ராணுவத்தை வரவழைத்துவிட்டார்கள். கொத்தமல்லிக் கட்டு வாங்க வழியில்லாத சம்சாரிகளை, அதாவது விவசாயிகளை, அடக்க எல்லையில் நிற்க வேண்டிய ஆட்கள். எங்கள் காலனிக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். அவர்களோடு ஒரு பெரிய வண்டியும் வந்தது. வயிற்றில் தொட்டி, தலையில் குழாய். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம காலனிக்குக் குழாய்ல தண்ணி வரலைன்னு பட்டாளத்துலருந்து லாரி அனுப்பிருக்காய்ங்க போல" என்றார். அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மறியல் நடந்த அன்று வித்யாஸ்ரீ வந்த பஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இறங்கி, ரோட்டோரமாக அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடந்திருக்கிறாள். எதிரே சம்சாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். படைக்காரர்கள் எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று பின்னால் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னது உண்மைதான். என்ன பாஷை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெரிய வண்டியின் குழாய் திரும்பியது. வந்தது தண்ணீர் இல்லை, அடர்த்தியான ஊதா நிறத்தில் ஒரு அடி. அந்த நிறம் யார் மேல் பட்டாலும் வாரக் கணக்கில் போகாது, அதை வைத்து ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. "தண்ணி கேட்டு வந்தோம், தண்ணி குடுத்துட்டாய்ங்க" என்று என் சித்தப்பா பிறகு சொன்னார். அவருக்கு முதுகில் பட்டது. வித்யாஸ்ரீக்கு நேராக முகத்தில்.

பூக்காரம்மா ஒருத்தி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டோ ஏற்றிவிட்டிருக்கிறாள். வீட்டு வாசலில் அவள் வந்து இறங்கியபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். முகம், கழுத்து, சேலை எல்லாம் ஊதா. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஆட்டோக்காரர்தான் கதவு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை.

அதற்குள் காலனியில் செய்தி பரவிவிட்டது. ஊதா நிறம் பட்டவர்களை எல்லாம் பஸ் நிலையத்திலேயே பிடிக்கிறார்கள், வீடு வீடாகவும் வரப்போகிறார்கள், பிடித்தால் கேஸ். கேஸ் என்றால் பள்ளிக்கூடத்து வேலை அன்றைக்கே போய்விடும். அக்கா அழ ஆரம்பித்தாள். அண்ணன் மட்டும் பதறவே இல்லை. தனக்குத் தெரிந்த வேலை வீடு தேடி வந்துவிட்டது போல ஒரு தெம்பு அவர் முகத்தில் இருந்தது. "நகரு. சாயம்தானே, எனக்கு என்ன புதுசா?" என்று பட்டறைக்குள் போனார்.

கைக்குப் போடுவதில் கால்வாசிப் பொடிதான் போட்டார். அதையும் ஆறவைத்தார். பழைய மல் துணியில் நனைத்து, "கண்ணை நல்லா மூடிக்கம்மா" என்று சொல்லிச் சொல்லி ஒற்றி எடுத்தார். அவர் நூலுக்குக்கூட அவ்வளவு பதவிசாகச் செய்து நான் பார்த்ததில்லை. நிறம் கழன்றுகொண்டே வந்தது. "எரியுதுப்பா" என்றாள் வித்யாஸ்ரீ. "கொஞ்சம் எரியும். கேஸ் போட்டா இதைவிட எரியும்" என்றார். முகம் பழையபடி ஆனதும் எங்களைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அந்தப் பட்டாளத்தையே தோற்கடித்துவிட்ட மாதிரி. அதோடு விட்டாரா என்றால் இல்லை. அந்தச் சேலையையும் அண்டாவில் போட்டு ஊதாவை எடுத்தார். ஊதாவோடு சந்தனமும் போய்விட்டது. அதனால் என்ன என்று புதிதாகச் சந்தன நிறம் ஏற்றி, அலசி, கொடியில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தார். நாளைக்கு மகள் அதையே கட்டிக்கொண்டு போகலாம்.

மறுநாள் அவளால் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னத்தில் கொப்புளம்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் ரொம்ப நல்ல மனுஷன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கண்ணுல என்ன பட்டுச்சு?" என்று கேட்டார். அண்ணனுக்கு மறைக்கத் தெரியாது. ஊதாத் தண்ணீரையும் சொன்னார், ஹைட்ரோஸையும் சொன்னார். டாக்டர் இரண்டையும் குறித்துக்கொண்டார். "உங்க பொடி என்னன்னு எனக்குத் தெரியும். அந்தத் தண்ணில சாயம் தவிர வேற என்ன கலந்திருந்ததுன்னு தெரிஞ்சா வைத்தியம் பண்ண வசதியா இருக்கும். கண்ணீர்ப்புகைல போடுற மருந்தைத் தண்ணிலயும் கலக்குறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கேட்டு வாங்கிட்டு வாங்க, சீக்கிரம்" என்றார்.

கேட்டு வாங்கிட்டு வாங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஏதோ மளிகைக் கடையில் மிளகாய்த்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பது போல.

நானும் அண்ணனும் முதலில் போலீசிடம் போனோம். வண்டி எங்களுடையது இல்லை, படையுடையது என்றார்கள். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஆளுக்குத் தமிழ் தெரியவில்லை, எங்களுக்கு இந்தி தெரியவில்லை. தன் பாஷையும் வடக்கேயிருந்து வந்ததுதானே, கொஞ்சமாவது புரியாமலா போகும் என்று அண்ணன் சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார். அந்த ஆள் முதலில் சிரித்தான். பிறகு அண்ணனுடைய கையைப் பார்த்தான். அந்த வாரம் பட்டறையில் ஓடிய நிறம் ஊதா, அன்று காலையில் வேலையைப் பாதியில் விட்டுக் கை கழுவாமல் வந்திருந்தார். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே வரைக்கும் ஊதா. அவன் விசில் அடித்தான், நான்கு பேர் ஓடி வந்தார்கள், மறியல் செய்த ஆள் தானாகவே வந்து மாட்டிக்கொண்டான் என்று அண்ணனை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் வக்கீலைக் கூட்டிவந்து, இது சாயக்காரர் கை, பிறந்ததிலிருந்து இப்படித்தான் என்று புரியவைத்து மீட்பதற்குள் என் உயிர் போய்விட்டது. ஆளை அடையாளம் காட்டும் விஞ்ஞானம் அந்த லட்சணத்தில் இருந்தது. வெளியே வந்ததும் அண்ணன், "தண்ணில என்ன கலந்தாய்ங்கன்னு கேட்டியா தம்பி?" என்றார்.

பிறகு ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்க முடிந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எல்லா ஆபீஸிலும் மின்விசிறி ஒரே மாதிரிதான் சுற்றுகிறது. அவர் எங்களிடம், "அன்னைக்கு உயிர்ச்சேதம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அதுக்குத்தான் இந்த முறையே. ஆளைக் கொல்லாத ஆயுதம். உலகம் பூராவும் இப்ப இதுதான். துப்பாக்கியால சுட்டிருந்தா பரவாயில்லையா?" என்றார். எனக்கு வாயில் வந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டேன். ஏன் ஐயா, சுடுவது, இல்லாவிட்டால் கண்ணைக் கெடுப்பது, இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உங்களுக்குத் தோன்றவே தோன்றாதா? உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்பது அவ்வளவு செலவு பிடிக்கிற காரியமா?

"சரிங்கய்யா, அதுல என்ன கலந்திருந்துச்சு?" என்றார் அண்ணன். அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி.

"திருவிழாவுல மஞ்சத் தண்ணி ஊத்துறீங்கள்ல? அந்த மாதிரி சாயம்தான். வெறும் சாயம்."

இதற்கிடையில் டாக்டர் கைவிரித்துவிட்டார். இடது கண் தப்பித்தது. வலது கண்ணின் கருவிழியில் வெள்ளை படர்ந்து, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும் என்ற நிலையில் நின்றுவிட்டது. காய்ந்துபோகாமல் இருக்கக் காலையிலும் சாயங்காலமும் சொட்டுமருந்து விட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். வித்யாஸ்ரீ வீட்டிலேயே டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் விடவில்லை. மனு மேல் மனு போட்டு, கடைசியில் ஒரு விசாரணை வைத்தார்கள். அதற்குச் சாட்சி தேடித்தான் நான் பேரையூர்ப் பக்கம் போனேன். சித்தப்பாவுக்கும் அவரோடு போனவர்களுக்கும் கண் வீங்கி, மூச்சு முட்டி, சில நாளில் சரியாகியிருந்தது. வெறும் சாயத்துக்கு அப்படி ஆகுமா? அதை வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கலர் பட்டுச்சுன்னு சொன்னா மறியல்ல இருந்தேன்னு ஆயிருமேடா. எம்புட்டுப் பேரு மேல கேஸ் இன்னும் நிக்குது தெரியும்ல? நான் வாரேன்னு சொல்லிட்டு நாளைக்கு வராமப் போறதுக்கு, இப்பவே வரலைன்னு சொல்லிர்றேன்" என்றார். அவரைத் திட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தத் தண்ணீரைக் கண்டுபிடித்தவனுடைய கெட்டிக்காரத்தனமே அதுதான். அடி வாங்கியவன் அடி வாங்கினேன் என்று சொன்னால் அவனே குற்றவாளி.

சேலையாவது இருந்திருந்தால் ஏதாவது ஒரு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கலாம். இருக்கிற ஒரே சாட்சியை வெளுத்து, மறுசாயம் ஏற்றி, கஞ்சி போட்டு மடித்து பீரோவில் வைத்திருந்தார் அண்ணன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு வீடாக இருந்தால் கறைபட்ட சேலையை மூலையில் தூக்கிப் போட்டிருப்பார்கள், மகள் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விதியே என்று இருந்திருப்பார்கள். இந்தச் சேலை வந்து சேர்ந்ததோ மதுரையிலேயே சாயத்தை எடுப்பதில் கெட்டிக்காரன் வீட்டில்.

விசாரணைக்கு வந்த வேறொரு அதிகாரி டாக்டருடைய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லியிருக்கீங்க. மகள் முகத்துல ரசாயனம் போட்டிருக்கீங்க. பட்டறைல நூலுக்குப் போடுறது. அன்னைக்கு நனைஞ்ச வேற யாருக்கும் கண் போகலை. உங்க மகளுக்கு மட்டும் போயிருக்குன்னா காரணம் அரசாங்கத் தண்ணியா, உங்க கையா?" என்றார். அண்ணன் தன் கையைப் பார்த்தார். அன்றைக்கு அது இளநீலமாக இருந்தது. அதை மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டார். அத்தனை நாளும் அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று கேட்ட மனுஷன், அந்த நிமிஷத்தில் வேறு கேள்விக்கு மாறிவிட்டார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது.

அப்போது வித்யாஸ்ரீ எழுந்தாள். அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. "அப்பா கை வைக்கிறதுக்கு முன்னாடியே என்னால கண்ணைத் திறக்க முடியலை சார். தண்ணி பட்ட உடனே உள்ளுக்குள்ள தீ பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பூ விக்கிற அம்மா கையைப் பிடிச்சுத்தான் ரோட்டைத் தாண்டினேன்" என்றாள். அதிகாரி, "அப்பாவைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க. நல்ல விஷயம்தாம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பூக்காரம்மாவைத் தேடினோம். ஆட்டோக்காரரையும் தேடினோம். இரண்டு பேரும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மாடிக்கு ஏறி வந்தார். "தம்பி, அவ நெசமாத்தான் சொன்னாளா? இல்ல எனக்காகச் சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஏண்ணே, அவ வந்து இறங்கும்போது நான் பார்த்தேனே, கண்ணை மூடித்தான் இருந்தா."

"மூடித்தான் இருந்தா. பயத்துல மூடுனாளா, எரிச்சல்ல மூடுனாளா? உனக்குத் தெரியுமா? சத்தியமாச் சொல்லு." எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

என்னை எரிச்சல் பிடுங்கித் தின்றது இந்த இடத்தில்தான். தொட்டியில் என்ன ஊற்றினோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. அதைச் செய்யாமல், பெற்ற மகள் வாயிலிருந்து வந்த வார்த்தையை நம்ப முடியாமல் ஒரு அப்பனை அலைய விட்டுவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது எனக்கு ஒரு உற்சாகம் பிறந்தது. எழுதிப் போட்டேன். அந்தப் படைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அழகாகத் தட்டச்சுப் பண்ணிப் பதில் வந்தது. வெறும் சாயம் என்று வாயால் சொல்லலாமாம், காகிதத்தில் சொன்னால் நாட்டுக்கு ஆபத்தாம்.

அண்ணன் ஹைட்ரோஸில் கை கழுவுவதை நிறுத்திவிட்டார். எந்தக் கையோடு படுத்தாரோ அதே கையோடு எழுந்தார். நிறத்தின் மேல் நிறம் ஏறி விரல்கள் கறுத்துப் போயின. அந்தக் கையால்தான் மகளுக்குக் காலையும் மாலையும் சொட்டுமருந்து விடுவார். அக்கா செய்யட்டும் என்று முதலில் ஒதுங்கித்தான் பார்த்தார். வித்யாஸ்ரீ விடவில்லை. "அப்பா விட்டாத்தான் சரியா விழுது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தை அண்ணாந்து, அந்தக் கண்ணை அகலத் திறந்துகொண்டு காத்திருப்பாள். அவர்தான் சீசாவைச் சாய்ப்பதற்கு முன்னால் விரல்களை இன்னொரு தடவை கைலியில் துடைத்துக்கொள்வார். நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டுதான் படியிறங்குவேன்.

இரண்டாயிரத்து ஏழில் மறுபடியும் ஒரு மறியல் வந்தது. வேறு ஆட்கள், வேறு கோரிக்கை. மறுபடியும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம், மறுபடியும் அதே மாதிரி வண்டி. அன்று காலையில் அண்ணன் படியிறங்கும் என்னை மறித்தார். புது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. பொழுதன்றைக்கும் கறைபட்ட கைலியில் பார்த்த மனுஷன். "எங்கண்ணே, கல்யாணத்துக்கா?" என்றேன்.

"மறியலுக்குப் போறேன். நீயும் வா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. முன்னால் போய் நிற்கப் போகிறார். அந்தத் தண்ணீரைத் தன் மேல் வாங்கி, அந்த வேட்டியை அப்படியே கழற்றிப் பையில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போகிறார். பையையும் கையோடு வைத்திருந்தார். "இந்தத் தடவை துவைக்க மாட்டேன்" என்றார். உங்கள் கண் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போனா எனக்குப் பதில் தெரிஞ்சுரும்ல" என்றார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பினேன்.

வெள்ளை வேட்டியைப் பார்த்து யாரோ தலைவர் என்று நினைத்து முன்வரிசைக்கு வழி விட்டார்கள். ஒருவர் அண்ணனுக்குச் சால்வை போட்டார். இன்னொருவர் ரெண்டு வார்த்தை பேசுங்க என்று மைக்கை நீட்டினார். மறியல் நடக்கிற தெருப்பக்கமே போகாத ஆள், மைக்கை வாங்கி, "அது தண்ணி இல்லை. மூஞ்சியக் குடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்துக்குப் புரியவில்லை, இருந்தாலும் கை தட்டியது.

வண்டி வந்தது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது. குழாய் திரும்பியதும் கூட்டம் சிதறியது. நானும் ஓடினேன். அண்ணன் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அடித்த வேகத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். நான் போய்த் தூக்கியபோது ரோட்டில் உட்கார்ந்து வேட்டியின் நுனியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. வெறும் தண்ணீர்.

உள்ளூர்ப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை ஓரமாக நகர்த்திக்கொண்டு வந்தார். அவரிடம் கேட்டேன். "அந்தக் கலரா? அதெல்லாம் இப்ப இல்லைங்க. வேணாம்னு மேலருந்து நிறுத்திட்டாங்க" என்றார். வெறும் சாயம் என்றால் எதற்காக நிறுத்தினார்கள் என்று அந்த மனுஷரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார், பாவம். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஆட்டோவில் வரும்போது அண்ணன் வேட்டி நுனியைப் பிழிந்து பிழிந்து பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் வித்யாஸ்ரீ டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாசலில் நின்றிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து வருகிறவரைப் பார்த்ததும் என்ன ஆயிற்று என்று ஓடி வந்தாள். பக்கத்தில் வந்தவள், நான் மறியல் என்ற வார்த்தையைச் சொன்னதும் அப்படியே நின்றாள். அண்ணன் தலையைத் துவட்டத் துண்டை உதறினார். அதிலிருந்து நாலு சொட்டுத் தெறித்திருக்கும். அவள் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். முட்டியதுகூடத் தெரியாமல் இன்னும் பின்னால் போகப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரியவில்லை. அலர்மேல்மங்கை அக்காதான் என் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணி வேணாம், அந்தத் தண்ணி வேணாம்ங்கிறா" என்றாள்.

அண்ணன் துண்டைக் கீழே போட்டார். நனைந்த சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போனார். கறுத்துப்போன கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டிவிட்டு, தொடாமல், பயந்துகொண்டே நின்றார். வித்யாஸ்ரீ விரலிடுக்கில் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்ததும் கண்ணிலிருந்து தன் கைகளை எடுத்தாள். தினமும் மருந்துக்குக் காட்டுவது போல முகத்தை அண்ணாந்து, அந்தக் கண்ணை அகலத் திறந்து, அவர் கைக்குள் கொடுத்தாள்.

அந்தத் தண்ணீருக்குப் பயந்த கண் அந்தக் கைக்குப் பயப்படவில்லை, எந்தக் கோர்ட்டிலும் செல்லாத சாட்சி அது. அண்ணன் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அன்னைக்கு நெசமாத்தான் சொல்லிருக்கா தம்பி" என்றார்.